அஞ்சல் தலையில் வண்ணத்துப்பூச்சி

அஞ்சல் தலை என்பது கடிதத்திற்கு நாம் கட்டிய கூலியின் அடையாளமே. 1840-ல் இங்கிலாந்தில் தோன்றிய முதல் அஞ்சல் தலை அரசியின் முகத்தைத் தாங்கியது. முகங்களும் முடிகளும் நெடுங்காலம் ஆண்ட அச்சிறு தாளில், 1950-ல் ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து அமர்ந்தது. அப்போது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த சராவாக் வெளியிட்ட ஒரு சென்ட் தலை அது. 1855-ல் வாலஸ் என்னும் இயற்கை அறிஞர், அந்நாட்டை ஆண்ட புரூக்கின் பெயரைச் சூட்டிய கரும்பச்சைப் பூச்சியே அதில் உள்ளது. பின்னர்ப் பல நாடுகளும் அவ்வழியில் சென்றன. நம் நாடும் 1981-ல் நான்கு வண்ணத்துப்பூச்சித் தலைகளை வெளியிட்டது.

இவற்றைக் கண்டு மகிழாதார் யார்? ஆயினும் எனக்கு ஒரு குறை உண்டு. இத்தகைய தலைகள் பலவற்றில் பூச்சி இறக்கைகளைத் தட்டையாக விரித்துத் தனியே கிடக்கிறது. உயிருள்ள வண்ணத்துப்பூச்சி ஓய்வு கொள்ளும்போது பெரும்பாலும் தன் இறக்கைகளை முதுகின்மேல் கூப்பி நிறுத்தும். விரித்த கோலமோ, ஊசி குத்திப் பெட்டியில் அடைத்த கோலம். செடி இல்லை, புழு இல்லை, இறக்கையின் அழகு ஒன்றே உண்டு.

'விரலளவு தாளில் வேறு என்ன காட்ட இயலும்?' என்று சிலர் வினவலாம். இயலும் என்பதற்குச் சான்று உண்டு. மரியா சிபில்லா மேரியன் என்னும் செருமானிய அம்மையார், 1699-ல், தம் 52-ஆம் வயதில், மகளுடன் கடல் கடந்து தென்னமெரிக்காவின் சுரினாம் நாட்டிற்குச் சென்றார். ஒவ்வொரு பூச்சியையும் அது தின்னும் செடியோடும், புழுவோடும், கூட்டுப்புழுவோடும் சேர்த்தே வரைந்தார். அவ்வோவியங்கள் 1705-ல் நூலாயின. அவற்றுள் ஒன்றை அமெரிக்கா 1997-ல் அஞ்சல் தலையாக்கியது. நாரத்தைக் கிளை, அந்துப்பூச்சி, அதன் புழு, கூட்டுப்புழு, ஒரு வண்டு ஆகிய அனைத்தும் அச்சிறு தாளில் அடங்கின!

இது வெறும் ஓவிய நுணுக்கம் பற்றிய வழக்கன்று. இறக்கையை மட்டும் அறிந்தவன், வண்ணத்துப்பூச்சியைப் போற்றிக்கொண்டே எருக்கஞ்செடியை வெட்டி எறிவான். வெந்தய வரியன் என்னும் அழகிய பூச்சியின் புழு அவ்விலையைத் தின்றே வளர்கிறது என்பதை அவன் அறியான். கறிவேப்பிலையில் ஊரும் புழுவையும் அருவருத்து நசுக்குவான். அதுவும் ஒரு வண்ணத்துப்பூச்சியின் குழவியே.

அந்துப்பூச்சிகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தலைகளில் அவை அருகியே காணப்படுகின்றன. இரவில் பறப்பது குற்றமா? நாம் விரும்பி உடுத்தும் பட்டைத் தருவதும் ஓர் அந்துப்பூச்சியின் புழுதானே! அடுத்த முறை நம் அஞ்சல் துறை பூச்சித் தலை வெளியிடுமாயின், எருக்கிலையையும், அதில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாய் வரியோடிய புழுவையும் கூட வரையட்டும்.