காலை அகற்றும் முன்...

காலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் அடைபட்டு, படுத்திருக்கும்போதும் வலி, ஆறாத புண், கறுத்த விரல் என்ற நிலையில் வரும் நோயாளிக்கு இருவகைச் சிகிச்சைகள் உள்ளன. அவரது காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து, அடைப்பைத் தாண்டி மாற்றுப் பாதை அமைப்பது பைபாஸ். மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்பைப் பலூனால் விரித்து, தேவையெனில் ஸ்டென்ட் பொருத்துவது மற்றொன்று. எதை முதலில் செய்வது என்ற கேள்விக்கு அண்மையில் வெளியான இரு பெரிய ஆய்வுகள் எதிரெதிரான விடைகளைத் தந்துள்ளன.

1,830 பேர் பங்கேற்ற 'பெஸ்ட்-சிஎல்ஐ' ஆய்வின் முடிவு 2022 நவம்பரில் வெளியானது. நல்ல சிரை உள்ளவர்களில், மரணமோ, கணுக்காலுக்கு மேல் கால் இழப்போ, பெரிய மறுசிகிச்சையோ நேர்ந்தவர்கள் பைபாஸ் பிரிவில் 42.6%, பலூன் பிரிவில் 57.4%. பெரும்பாலும் பிரிட்டன் மருத்துவமனைகளில், முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ள 345 பேரிடம் நடந்த 'பேசில்-2' ஆய்வு 2023-இல் வெளியானது. அதில் காலையோ உயிரையோ இழந்தவர்கள் பைபாஸ் பிரிவில் 63%. பலூன் பிரிவில் 53%.

இதை வெறும் முரண்பாடு என்று ஒதுக்கிவிட முடியாது. முதல் ஆய்வு மறுசிகிச்சையையும் தோல்வியாகக் கணக்கிட்டது. அதன் தேவை பைபாஸ் பிரிவில் 9.2%, பலூன் பிரிவில் 23.5%. இரண்டாவது ஆய்வு அதைக் கணக்கில் சேர்க்கவில்லை; அங்கே வேறுபாட்டை உண்டாக்கியவை பெரும்பாலும் மரணங்கள். எதை வெற்றி என்கிறோம் என்பதைப் பொறுத்தே விடையும் மாறுகிறது. ஆனால், எந்தச் சிகிச்சையிலும் ஏறக்குறைய பாதிப் பேர் நலமாக மீளவில்லை என்பதை இரு ஆய்வுகளும் காட்டுகின்றன. காலில் தமனி அடைபட்டவருக்கு இதயத் தமனியும் பெரும்பாலும் பழுதுபட்டிருக்கும். அவருக்குப் புகையிலையை விடுவதும், ஸ்டேடின் மாத்திரையும், ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையும் அறுவை சிகிச்சைக்குச் சற்றும் குறையாத சிகிச்சைகள்.

சிக்கல்களும் வெவ்வேறானவை. பைபாஸில் தொடையிடுக்குக் காயத்தில் சீழ் பிடிக்கலாம். பொருத்திய சிரை அடைபடலாம். பலூன் முறையில் துளையிட்ட இடத்தில் ரத்தம் கசியலாம். விரித்த இடம் மீண்டும் சுருங்கலாம். சாய மருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்த சர்க்கரை நோயாளிக்கு இது சிறிய விஷயம் அன்று.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. நரம்பு மரத்துப்போன காலில் வலி தெரியாது. நோயாளி தாமதமாகவே வருகிறார். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் எளிய சோதனையும் இவர்களிடம் ஏமாற்றக்கூடும். தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால், ரத்தம் சரியாக ஓடாதபோதும் அளவு இயல்பாகவே தெரியும். கால்விரலின் அழுத்தத்தை அளப்பதே அப்போது நம்பகமானது. அதற்குத் தேவைப்படுவது பெரிய கருவியும் அன்று. மாவட்ட மருத்துவமனைகளில் அது இல்லாதிருக்க நியாயம் இல்லை.

உயிருக்கு ஆபத்தான சீழ்த்தொற்று போன்ற அவசர நிலைகளைத் தவிர, ரத்த ஓட்டத்தை அளக்காமல் கணுக்காலுக்கு மேல் காலை அகற்றக் கூடாது என்பதை அரசு விதியாக்க வேண்டும். மருத்துவமனைகளும் எத்தனை அடைப்புகளை நீக்கினோம் என்பதற்குப் பதிலாக, ஓராண்டுக்குப் பிறகு எத்தனை பேர் உயிரோடும் இரு கால்களோடும் இருக்கிறார்கள் என்பதை வெளியிடட்டும்.

நோயாளியின் குடும்பத்தினர் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பைபாஸுக்கு ஏற்ற சிரை இருக்கிறதா என்று டாப்ளரில் பார்த்தாகிவிட்டதா? இதய பைபாஸுக்கும் பெரும்பாலும் அதே சிரையே எடுக்கப்படுவதால், முன்பே அந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவரிடம் அது மிச்சம் இல்லாதிருக்கலாம். அத்தகையோரிடம் இரு முறைகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்விலும் தென்படவில்லை.