கத்தாரின் 1930

தலிபானும் அமெரிக்காவும் 2020 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்ட இடம் தோகா. இஸ்ரேல்–ஹமாஸ் பேச்சுக்கும் கத்தார்தான் தரகர். அல் உதைதில் அமெரிக்கப் படைத்தளம், தலைநகரில் ஹமாஸ் அலுவலகம். இந்தச் சிறிய நாட்டுக்கு இத்தனை செல்வாக்கைத் தந்தது எரிவாயு. 2017இல் சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் உறவை முறித்து முற்றுகையிட்டபோதும் பணியவில்லை. இதைச் சிறிய நாட்டின் சுயமரியாதை என்று தோழர்கள் சிலர் மெச்சுகிறார்கள். முற்றுகையை எதிர்த்து நின்றது சரிதான். ஆனால் அந்தச் சுயமரியாதை யாருடையது?

2021 அக்டோபரில் ஷூரா மன்றத்துக்கு முதல் தேர்தல் வந்தது. 45 இடங்களில் 30க்கு மட்டும். 1930க்கு முன்பே அங்கு குடியிருந்த குடும்பங்களின் வழிவந்தவர்களே போட்டியிடலாம் என்றது சட்டம். அல் முர்ரா குலத்தார் பலர் விலக்கப்பட்டார்கள். எதிர்த்துப் பேசியவர்கள் கைதானார்கள். பாட்டன் எங்கே இருந்தான் என்று கேட்டு உரிமையை அளந்து கொடுக்கும் முறை நமக்கொன்றும் புதிதல்லவே! 2024 நவம்பரில் பொதுவாக்கெடுப்பு நடத்தித் தேர்தலையே ஒழித்துவிட்டார்கள். தேச ஒற்றுமைக்காகவாம். வம்சவழி அமீர் பதவிக்கு மட்டும் எந்த வாக்கெடுப்பும் இல்லை.

இதெல்லாம் குடிமக்களுக்குள். மக்கள்தொகையில் அவர்கள் பத்தில் ஒரு பங்கு அளவே. மற்றவர்கள் நேபாளம், வங்கதேசம், கேரளம், தமிழ்நாடு என்று பிழைக்கப் போனவர்கள். 2020 வரை முதலாளி சம்மதமின்றி வேலை மாறக்கூட முடியாது. அங்கேயே பிறந்தாலும் அவர்களின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடையாது. எரிவாயு நிலையத்தையும் உலகக்கோப்பை அரங்கத்தையும் கட்டிய இவர்களுக்குத் தொழிற்சங்கம் வைக்க இன்றும் உரிமையில்லை.