கிரீன் கார்டு கையில் இருக்கு... அமெரிக்கக் குடியுரிமை மட்டும் தள்ளிப்போவது ஏன்?

அமெரிக்காவில் கிரீன் கார்டு வாங்கி 5 ஆண்டுகள் ஆனால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இது பொது விதி. ஆனால் இடையில் பெற்றோரைக் கவனிக்க ஊருக்கு வந்து மாதக்கணக்கில் தங்கிவிட்டால் சிக்கல்தான்.

அதிகாரிகள் பார்ப்பது இரண்டு கணக்கு. ஒன்று, அந்த 5 ஆண்டுகளில் குறைந்தது 30 மாதங்கள் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். இன்னொன்று, வசிப்பு அறுபடாமல் தொடர வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இரண்டாவதில்தான்.

ஒரே பயணத்தில் எத்தனை நாள் வெளியே இருக்கலாம்?

* 6 மாதத்துக்குள் திரும்பினால்: பொதுவாகப் பிரச்னை இல்லை.
* 6 மாதத்தைத் தாண்டினால்: தொடர்ச்சி அறுந்ததாகவே கருதப்படும். வேலை, வீடு, குடும்பம் எல்லாம் அமெரிக்காவிலேயே இருந்தது என்று விண்ணப்பதாரர்தான் ஆவணங்களோடு நிரூபிக்கணும்.
* ஓராண்டு ஆகிவிட்டால்: தொடர்ச்சி போச்சு. திரும்பிய பிறகு குறைந்தது 4 ஆண்டு 1 நாள் காத்திருக்கணும். அமெரிக்க அரசுப் பணி போன்ற சிலவற்றுக்கு மட்டும், முறைப்படி விண்ணப்பித்தால் விலக்கு உண்டு.

'ரீ-என்ட்ரி பர்மிட் வாங்கியாச்சே, போதாதா?' போதாது. 2 ஆண்டுகள் வரை வெளியே இருந்தாலும் கிரீன் கார்டோடு திரும்பி வரத்தான் அது உதவும். குடியுரிமைக்கான தொடர்ச்சியை அது காப்பாற்றாது.

அதனால் டிக்கெட் போடும் முன், திரும்பும் தேதி 6 மாதத்துக்குள் வருதான்னு பார்த்துக்கொள்வது நல்லது.