வெட்கத்துக்கு இது வேளையல்ல

வீட்டில் யாருக்காவது ஜலதோஷம் என்றால் தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. மார்பில் கட்டி என்றால் மட்டும் கட்டிய கணவனுக்குக்கூடத் தெரிவதில்லை! இந்த வெட்கம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமல்ல, நேயர்களே. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான்.

1974-ம் வருஷம் ஜெரால்டு ஃபோர்டு அந்நாட்டு ஜனாதிபதியாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர் மனைவி பெட்டியின் மார்பில் கட்டி இருப்பதை டாக்டர்கள் கண்டார்கள். செப்டம்பர் 28-ம் தேதி ஆபரேஷன். ஒரு மார்பையே எடுத்துவிட்டார்கள். தம்பதி அதை ஊராரிடம் ஒளிக்கவில்லை. செனட் சபையின் 100 அங்கத்தினரும் கையெழுத்திட்டு அனுப்பிய மடலை, ஆஸ்பத்திரி அறையில் இருவரும் சேர்ந்தே படித்தார்கள், படமும் எடுத்துக்கொண்டார்கள்.

விளைவு? நாடெங்கும் பெண்கள் டாக்டர்களைத் தேடிப் போனார்கள். சில வாரங்களில், உப ஜனாதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்டிருந்த ராக்பெல்லரின் மனைவிக்கும் இதே வியாதி தெரியவந்து சிகிச்சை நடந்தது. பெட்டி அதன்பின் 36 வருஷங்களுக்கு மேல் வாழ்ந்து, 2011-ல் தமது 93-வது வயதில் காலமானார்.

உங்கள் தாயாரோ மனைவியோ தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வந்தால், "வலிக்கவில்லையே, அப்புறம் என்ன?" என்று தள்ளிவிடாதீர்கள். ஆரம்பத்தில் அநேகமாக வலி இருக்காது. எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்லதான். அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே: "கிளம்பு, நானும் கூட வருகிறேன்!"