வலி நிவாரண மாத்திரை போதை மாத்திரை ஆவது எப்படி? மூளைக்குள் நடப்பது என்ன?

'போதை மாத்திரை விற்ற இளைஞர்கள் கைது' என்ற செய்தி தமிழ்நாட்டில் அடிக்கடி வருகிறது. பிடிபட்ட அட்டைகளைப் பார்த்தால் பல நேரம் அது ஏதோ ரகசிய லேபில் தயாரான சரக்கு இல்லை. டாக்டர் சீட்டு இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கும் சாதாரண வலி நிவாரண மாத்திரை. டேபென்டடால் என்ற பெயர் இந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும்.

ஆபரேஷன் முடிந்தவருக்கு வலியைக் குறைக்கும் மாத்திரை, இன்னொருவரை எப்படி அடிமையாக்குகிறது? பதில், மாத்திரை போய் ஒட்டும் இடத்தில் இருக்கிறது.

வலிக்கும் சுகத்துக்கும் ஒரே பூட்டு

மார்ஃபின், ஹெராயின், ஃபென்டனில், டிராமடால், டேபென்டடால் எல்லாம் 'ஓபியாய்டு' எனும் ஒரே வகை. நம் நரம்பு செல்களின் மேல் இவற்றுக்கென்றே ஏற்பிகள் உள்ளன. ஏற்பியை ஒரு பூட்டு என்று வைத்துக்கொண்டால், மருந்துதான் சாவி. 1973-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் இருவரும் இந்தப் பூட்டு இருப்பதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் இன்னும் இரண்டு ஆய்வுக் குழுக்களும் இதையே கண்டுபிடித்தன.

அபின் செடியின் சாறு பொருந்துவதற்கு நம் மூளையில் எதற்கு ஒரு பூட்டு? 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ் இருவரும் பன்றி மூளையிலிருந்து என்கெஃபாலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தபோது விடை கிடைத்தது. மூளை தானே வலி நிவாரணி தயாரிக்கிறது. பூட்டு அதற்கானது. அபின், கள்ளச்சாவி போட்டு நுழைகிறது. அவ்வளவுதான்.

இந்தப் பூட்டில் மியூ, டெல்டா, கப்பா என மூன்று முக்கிய வகைகள். இதில் வில்லனும் ஹீரோவும் மியூதான். 1996-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் மியூ ஏற்பியே இல்லாத எலிகளை உருவாக்கி மார்ஃபின் கொடுத்தார்கள். வலி குறையவில்லை. மார்ஃபினைத் தேடும் ஆசையும் வரவில்லை. நிறுத்தியபோது உடம்பு உதறவும் இல்லை. வலியைப் போக்குவதும் அடிமையாக்குவதும் ஒரே பூட்டு என்பது அப்போது உறுதியானது. அடிமையாக்காத ஓபியாய்டு வலி மருந்து இன்னும் கைக்குச் சிக்காததற்கு இது ஒரு பெரிய காரணம்.

விட்டால் ஏன் உடம்பு உதறுகிறது?

மூளையில் டோபமைன் சுரக்கும் செல்களுக்கு எப்போதும் ஒரு பிரேக் உண்டு. மியூ ஏற்பி திறந்ததும் அந்த பிரேக் தளர்கிறது, டோபமைன் பாய்கிறது. 'இது முக்கியம், மறுபடி செய்' என்று மூளை குறித்துக்கொள்கிறது.

தினமும் இப்படி நடந்தால் செல் சும்மா இருக்காது. ஓபியாய்டு அதன் வேகத்தை அமுக்குவதால், செல் எதிர்ப்பக்கமாக ஆக்ஸிலேட்டரை மிதிக்கப் பழகுகிறது. அதனால் பழைய அளவு போதாமல் போகிறது. ஒன்று இரண்டாகிறது, இரண்டு நாலாகிறது.

திடீரென மாத்திரை கிடைக்கவில்லை என்றால்? பிரேக் இல்லை, கால் மட்டும் ஆக்ஸிலேட்டரில். மூக்கு, கண்ணில் நீர் வடியும், வயிற்றுப்போக்கு, உடம்பு வலி, தூக்கமே வராது. அந்த நிலையில் உள்ளவர் சந்தோஷத்துக்காக மாத்திரை தேடுவதில்லை, சாதாரணமாக இருப்பதற்காகத் தேடுகிறார். 'மனசு வெச்சா விட்டுடலாம்' என்று வீட்டில் சொல்வது அவர் காதில் ஏறாததற்குக் காரணம் திமிர் அல்ல.

ஆனால் ஒன்று. புற்றுநோய் வலிக்கு டாக்டர் மேற்பார்வையில் மார்ஃபின் எடுப்பவருக்கும் உடல் பழகும். அதை அடிமைத்தனம் என்று சொல்ல முடியாது. டாக்டர் அளவை மெல்லக் குறைத்து நிறுத்த முடியும். பயந்துபோய் வலியைச் சகித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

விட்டவருக்குத்தான் ஆபத்து அதிகம்

பல குடும்பங்களுக்குத் தெரியாத விஷயம் இது. மியூ ஏற்பி, மூச்சை இயக்கும் மூளைத்தண்டிலும் இருக்கிறது. அளவு மீறினால் மூச்சு மெதுவாகி, நின்றுவிடும். போதைக்கு உடம்பு பழகும் அளவுக்கு, மூச்சுத் தடைக்கு அது பழகுவதில்லை.

சில வாரங்கள் விட்டிருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். ஆசையின் ஞாபகம் மட்டும் போகாது. அந்த நேரத்தில் ஒருவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால், அது உயிரைப் பறிக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களை ஆராய்ந்த 2007 ஆய்வில், முதல் இரண்டு வாரங்களில் போதைப்பொருள் அளவு மீறி இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு இருந்தது. மகனை ஒரு மாதம் அறையில் பூட்டி வைத்து 'திருத்திவிட்டோம்' என்று நிம்மதி அடையும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

மருந்துக்கு மருந்தா?

பியூப்ரநார்ஃபின் இதே மியூ பூட்டில் அமர்கிறது, ஆனால் பாதிதான் திறக்கிறது. உதறல் அடங்கும், பெரிய போதை ஏறாது, வேறு ஓபியாய்டு வந்தாலும் இடம் கிடைக்காது. 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா?' என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆனால் இந்தச் சிகிச்சையில் இருப்பவர்களிடம் மரணம் கணிசமாகக் குறைவு என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஊசி மூலம் போதை ஏற்றுவோருக்கு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில் இது தரப்படுகிறது. பஞ்சாப் அரசு 2017 முதல் புறநோயாளி மையங்களிலேயே கொடுக்கிறது.

நாலோக்சோன் வேறு ரகம். பூட்டில் இருக்கும் ஓபியாய்டைத் தள்ளிவிட்டு, திறக்காமல் அடைத்துக்கொள்ளும். நின்றுகொண்டிருக்கும் மூச்சு சில நிமிடங்களில் திரும்பும். அமெரிக்காவில் 2023 முதல் இதன் மூக்கு ஸ்ப்ரே சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கிறது.

இங்கே நிலைமை? மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 2.26 கோடி பேர் ஓபியாய்டு பயன்படுத்துகிறார்கள். ஹெராயின் 1.14 சதவீதம், மாத்திரை போன்ற மருந்து வகைகள் 0.96 சதவீதம். இடைவெளி பெரிதில்லை. டிராமடால் 2018-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தது. டேபென்டடாலுடன் கரிசோப்ரடால் சேர்ந்த மாத்திரைகள் மேற்கு ஆப்பிரிக்காவில் போதைக்காக விற்கப்படுவதை பிபிசி வெளிப்படுத்திய பிறகு, 2025 பிப்ரவரியில் அவற்றின் தயாரிப்பு, ஏற்றுமதி அனுமதிகளை ரத்து செய்ய மத்திய அரசு உத்தரவிட்டது. கைதும் தடையும் சப்ளையைத்தான் குறைக்கும். ஏற்கெனவே பழகிப்போன மூளைக்குச் சிகிச்சை வேண்டும்.

வீட்டில் யாராவது தட்டியும் எழாமல், உதடு நீலமாகி, மூச்சு மெதுவாக இருந்தால் 'தூங்கட்டும்' என்று விடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள், மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். என்ன மாத்திரை எடுத்தார் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். போதையிலிருந்து மீள ஆலோசனை வேண்டுமென்றால் கட்டணமில்லா தேசிய உதவி எண்: 14446.