கடிவாள நரம்பு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியின் இருமருங்கும் வானம் பார்த்த பூமி. கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும். குண்டாற்றில் மணலே மிகுந்திருக்கும். விடியுமுன் வேலை தொடங்கிய உழவன் நண்பகலில் வேப்பமரத்து நிழலை அடைந்து, துண்டை உதறி விரித்து அமர்கிறான். கம்பங்கூழும் வெங்காயமும் உண்டு சிறிது கண்ணயர்கிறான். பேருந்திலிருந்து காணும் நகரத்தார் சிலர், “வேலை நேரத்தில் உறக்கமா!” என்று நகைப்பர். அந்நகைப்பு அறியாமையின்பாற் பட்டது. அவ்வேளையில் அவன் உடலினுள் நிகழும் பணி சிறிதன்று.

மனிதனின் விருப்பத்தைக் கேளாமலே உள்ளுறுப்புகளை ஆளும் நரம்புகளுள் இரு பிரிவுகள் சிறந்தன. ஒன்று பரிவு நரம்பு மண்டலம். மற்றொன்று எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம். இப்பெயர் சற்றே இடறுகிறது. ‘எதிர்’ என்னும் அடையைக் கேட்போர் அதனை உடலுக்குப் பகை என்று கருதக்கூடும். உண்மையில் அது உற்ற தோழன். மண்வெட்டியை ஓங்கும்போதும், பாம்பைக் கண்டு அஞ்சும்போதும் முன்னது மேலோங்கும். நெஞ்சு விரைந்து துடிக்கும், வாய் உலரும், குருதி தசைகளுக்குப் பாயும், குடலின் இயக்கம் தளரும். அச்சமும் உழைப்பும் நீங்கி அமர்ந்தபின் மற்றது தலையெடுக்கும். உமிழ்நீர் ஊறும், இரைப்பை அசையும், செரிமான நீர்கள் சுரக்கும், நாடி தணியும்.

இப்பணியில் பெரும்பங்கு வேகஸ் நரம்பினுடையது. அது முகுளத்தில் தோன்றிக் கழுத்து வழியே இறங்கி நெஞ்சையும் வயிற்றையும் அடைகிறது. நெஞ்சைத் தன்போக்கில் விட்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். அமைதியாக இருப்பவனுக்கு அது 70 அளவில் நிற்பது இந்நரம்பு கடிவாளம் பிடித்திருப்பதனால் அன்றோ? 1921-இல் ஆட்டோ லோவி என்னும் அறிஞர் தவளையின் நெஞ்சோடு சேர்ந்த இந்நரம்பைத் தூண்டினார், துடிப்புத் தணிந்தது. அந்நெஞ்சிலிருந்த நீரை வேறொரு தவளையின் நெஞ்சிற்கு அளிக்க, அதுவும் தணிந்தது. நரம்பின் முனையில் ஒரு வேதிப்பொருள் சுரந்து ஏவலைச் செலுத்துகிறது என்பது தெளிவாயிற்று. ஹென்றி டேலுடன் அவர் 1936-இல் நோபல் பரிசு பெற்றார்.

நெஞ்சையே நிறுத்த வல்லோம் என்ற யோகியர் சிலரை வெங்கர், பாக்சி, ஆனந்த் என்னும் மூவர் இந்நாட்டில் கருவிகொண்டு ஆய்ந்து, 1961-இல் முடிவை வெளியிட்டனர். மணிக்கட்டில் நாடி மறைந்தது, நெஞ்சோ நிற்கவில்லை. இறுக அடக்கிய மூச்சு மார்பினுள் அழுத்தத்தை மிகுவித்து, நெஞ்சிற்கு வரும் குருதியைத் தடுத்ததே காரணம். அத்தகைய வித்தை உழவனுக்கு வேண்டா. மெல்ல மூச்சு விடும்போது வேகஸின் பிடி இறுகி நாடி சிறிது தணியும். மணிக்கட்டில் விரல் வைத்து மாணவரும் அறியலாம்.

ஆதலின் கோடையில் உழைப்பாளர்க்கு நடுப்பகல் ஓய்வளிப்பதைச் சலுகை என்பது பொருந்தாது. கூலியைப் போல் அதுவும் அவர்க்குரியது. மணி அடிக்குமுன் விழுங்கி எழுமாறு சிறுவரை விரட்டும் பள்ளிகளும், உண்ணும் இலையின் முன் மதிப்பெண் கேட்டுச் சினக்கும் தந்தையரும் சோற்றை இட்டுச் செரிமானத்தைப் பறிப்பவர்கள். வேப்பநிழலில் படுத்தவனை எவரும் அவ்வாறு விரட்டுவதில்லை. வெயில் தாழ்ந்ததும் அவன் எழுந்து, முகம் கழுவி, மண்வெட்டியைத் தோளில் சார்த்துகிறான்.