ஒழுகும் காதும் நம் சாக்குப்போக்குகளும்



சொல்லிக்கொடுத்ததைத் திரும்பச் சொல்லாத பிள்ளையைப் பின்வரிசைக்கு அனுப்பும் வழக்கம் எனக்குப் பல ஆண்டுகள் இருந்தது. அப்படிப் போனவர்களில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். ஸீனுக்கும் ஷீனுக்கும் அவன் நாவில் வேறுபாடே வராது. ஒரு நாள் அருகில் அமர்த்தி ஓதவைத்தபோதுதான் தொப்பிக்குக் கீழே காதில் அடைத்திருந்த பஞ்சைக் கண்டேன்; நாற்றமும் வந்தது. இரண்டு காதுகளும் ஒழுகிக்கொண்டிருந்தன. செவி மந்தமான பிள்ளையை என் குரல் இன்னும் எட்டாத இடத்திற்கு நானே அனுப்பியிருக்கிறேன். அல்லாஹ்விடம் பிழை பொறுக்கத் தேடுகிறேன். ஆனால் இது என் ஒருவனுடைய பிழை மட்டும் அன்று.

அவனுடைய அத்தாவை அழைத்துக் கேட்டேன். "மூணு வருஷமா ஒழுகுது ஹஜ்ரத், வளர்ந்தா நின்னுடும். டாக்டர்கிட்டயும் காட்டினோம். சொட்டு மருந்து கொடுத்தார், தண்ணி படக்கூடாதுன்னார். ஒண்ணும் கேக்கலை" என்றார். எத்தனை நாள் விட்டீர்கள் என்றேன். "நாலு நாள். அப்புறம் நோன்பு வந்துடுச்சு. பையன் ஒளூ செய்யணும், தண்ணி படாம எப்படி?"

மார்க்கத்தை இப்படிக் கேடயமாகப் பிடிப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒளூவில் காதைக் கழுவச் சொன்னது யார்? ஈரக் கையால் தடவுவதுதான் மஸஹ். ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் அது சுன்னத். காதுத் துவாரத்தின் ஆழத்தில் தண்ணீர் செலுத்துவது குளிப்பிலும் கடமையில்லை. வாசலின் தடவிய பஞ்சைத் துவாரத்தில் வைத்துக் குளிக்கும்படி மருத்துவர்களே சொல்கிறார்கள். நோன்பைப் பொறுத்தவரை, காதில் மருந்து விட்டால் முறியும் என்ற கருத்து பழைய ஃபிக்ஹ் நூல்களில் உண்டு. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியோ, தொண்டைக்கு வருவதை விழுங்காதவரை முறியாது என்று 1997-இல் தீர்மானித்தது. பேணுதல் வேண்டுமென்போர் இஃப்தாருக்குப் பின்னும் ஸஹரிலும் விடலாமே! இத்தகைய சொட்டு மருந்துகள் பெரும்பாலும் இருவேளைதான். கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

வளர்ந்தால் நின்றுவிடும் என்பதும் பொய்த் தைரியம். நாட்பட்டு ஒழுகும் காதில் பெரும்பாலும் செவிப்பறை துளைபட்டிருக்கும். சில பிள்ளைகளுக்கு உள்ளே தோல் வளர்ந்து, எலும்பை அரித்து, முக நரம்புவரை, மூளைவரைகூடப் போகும். அத்தகைய காதில் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஊற்றுகிறோம்!

நாம் மருத்துவரை எடைபோடும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். ஊசி போட்டு, ஐந்து வகை மாத்திரை எழுதினால் கைராசிக்காரர். காதைக் கருவியால் உறிஞ்சிச் சுத்தம் செய்து, இசைக்கவையைத் தட்டிச் செவியருகே பிடித்துப் பார்த்து, "உலர வையுங்கள், இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்றால் "ஒன்றுமே செய்யவில்லை" என்கிறோம். அந்த உலர்தல்தான் வைத்தியத்தில் பாதி என்பது நமக்குப் புரிவதில்லை. மருத்துவர்கள் மீதும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. கூட்டத்தில் இரண்டு நிமிடத்தில் "தண்ணி படக்கூடாது" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், ஐவேளை தொழும் வீட்டில் அது எப்படி விளங்கும்? ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொன்னால் என்ன? அவர் சொல்லாவிட்டால் நாம் கேட்க வேண்டாமா?

தறிச் சத்தத்திற்கு நடுவே உரக்கப் பேசிப் பழகிய வீடுகளில் பிள்ளைக்குக் காது கேட்காதது எளிதில் தெரிவதும் இல்லை. பிறவியிலேயே கேளாத குழந்தையைப் பற்றி "இவன் அத்தாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று நான்கு ஆண்டுகளைக் கடத்திவிடுகிறோம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்தின் குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை இலவசம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் செய்கிறார்கள். ஆனால் வயது 6-ஐத் தாண்டக் கூடாது. மூளை பேச்சைக் கற்கும் பருவம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஓதிப் பார்ப்பதை நான் மறுக்கவில்லை. நானே ஓதி ஊதுபவன்தான். ஓதிய கையோடு செவித்திறன் பரிசோதனைக்கும் அழைத்துப் போங்கள் என்கிறேன்.

அந்தச் சிறுவனை அவனுடைய அத்தாவோடு நானும் அழைத்துப் போனேன். மருந்தைத் தவறாமல் விட்டதில் ஆறு வாரத்தில் ஒழுகுவது நின்றது. துளையை அடைக்கும் அறுவைச் சிகிச்சைக்குக் கோடை விடுமுறையில் நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை அவன் இடம் என் வலப்பக்கத்தில், முதல் வரிசையில். ஷீன் இன்னும் சரியாக வரவில்லை. ஆனால் இப்போது என் உதடுகளைப் பார்த்துக்கொண்டே ஓதுகிறான்.